மயிரிழைக் காற்று

டர்பன் உலர்துறையில்
கப்பலின் வயிற்றுக்குக் கீழே நிற்கிறேன்.
காதுக்கு எட்டாத ஒலியை இரும்புக்குள் அனுப்பி
திரும்பி வருவதைத் திரையில் படிப்பது என் வேலை.

முதலில் ஜெல் தடவ வேண்டும்.
கருவிக்கும் தகட்டுக்கும் நடுவே
மயிரிழைக் காற்று நின்றாலும்
ஒலி வாசலோடு திரும்பிவிடும்.
உள்ளே போய்விட்டால்
ஓர் அணு பக்கத்து அணுவை இடிக்கும், அது அடுத்ததை.
யாரும் இடம்விட்டுப் போவதில்லை.
செய்தி மட்டும் போகும்.

சாட்ஸ்வொர்த்தில் எனக்கும் பூபாலனுக்கும் ஒரே சுவர்.
கழிவுநீர்க் குழாய்ச் சண்டை;
மூன்று வருடமாய்ப் பேச்சில்லை.
வேலியோரம் எதிர்ப்பட்டால்
நான் என் நாயைக் கூப்பிடுவேன்,
அவனும் என் நாயைத்தான்.

நேற்று மின்வெட்டு. தெருவே அணைந்தபின்
செங்கல் வழியே அவன் இருமல் வந்தது.
ஒன்று.
இன்னொன்று, ஆழத்தில், ஈரமாய்.
அப்புறம் ஒன்றுமில்லை.

திரையில் எதிரொலி காணாத இடத்தில்
தகடு அரித்துப்போயிருக்கும்,
இல்லையேல் ஜெல் போதவில்லை.
எதுவென்று தெரியாமல்
அறிக்கையில் கையெழுத்துப் போடக் கூடாது.

விரல் மடக்கிச் சுவரில் தட்டினேன், மூன்று தட்டு.
காதை ஒட்டவைத்துக் காத்திருந்தேன்.

கன்னமெல்லாம் ஈரச் சுண்ணாம்பு.