பாதிப் படுக்கை

முத்துநகர் விரைவு வண்டியில்
எனக்குக் கிடைத்தது பாதிப் படுக்கை.
ஆர்.ஏ.சி.
மறுபாதி ஜெபகனி என்பவருக்கு.
பல்லாவரத்தில் மகள் வீடு,
மடியில் மூன்று கட்டு கட்டிய நெத்திலிக் கருவாடு.
மணியாச்சி தாண்டுமுன்
கால்களைப் பற்றி ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம்:
அவர் கால் என் இடுப்போரம்
என் கால் அவர் பையோரம்.
கோவில்பட்டியில் மீறினார்.
சாத்தூரில் நான் மீறினேன்.
விருதுநகருக்கு அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை,
தூங்கிவிட்டோம்.

மாநாட்டுக்காரர்கள் அனுப்பிய படிவத்தில்
ஒரு கேள்வி இருந்தது,
எப்படி வருகிறீர்கள் என்று.
ரயில் என்று தொட்டதும்
திரையில் ஒரு மரக்கன்று முளைத்து
இரண்டு இலை விட்டது.
உண்மையில்
விமானச் சீட்டுக்குத் துறைத்தலைவர் கையெழுத்து வரவில்லை.
மரக்கன்றிடம் அதைச் சொல்ல இடமில்லை.

தாம்பரத்தில் விடியுமுன்பே வியர்வை.
மின்சார ரயிலில் ஐந்து ரூபாய்க்கு நின்றுகொண்டு போனோம்.
பல்லாவரத்தில் இறங்கிய ஜெபகனி
திரும்பிப் பார்க்கவில்லை,
பை கனம்.
கருவாட்டு மணத்தில் பாதியை
என் பருத்திச் சட்டையில் விட்டுப் போயிருந்தார்.

பரங்கிமலையிலிருந்து அரங்கம் நடக்கும் தொலைவுதான்
என்றது வழிகாட்டித் தாள்.
நிழல் நிறைந்த பாதை என்றும் சொன்னது.
ராணுவக் குடியிருப்பின் தூங்குமூஞ்சி மரங்கள் முடியும்வரை
அது பொய்யில்லை.
அதன்பின் நடைபாதை
ஒரு கரும்புச்சாறு வண்டிக்குள் புகுந்தது,
மெட்ரோ வேலியின் தகரத்துக்குப் பின்னால் மறைந்தது,
வேறொரு இடத்தில் சாய்ந்த பலகைக்கல்லாக எழுந்து
என் செருப்பைக் கேட்டது.

ஷேர் ஆட்டோ நின்றது.
"ஏறுக்கா, நந்தம்பாக்கம்தானே? கல்யாணமா?"
இல்லை, வெயில் ஏறுவதைப் பற்றி ஒரு கூட்டம்.
"உள்ளே ஏசி இருக்கும்ல?"
இருக்கும் என்றேன்.
"அப்ப சரி" என்றார்,
ஏழாவது ஆளுக்காகப் பிரேக் போட்டபடி.

ஏழாவது ஆள் தேவசேனா.
நீலச் சீருடை,
கழுத்தில் என்னுடையதைப் போலவே ஓர் அட்டை.
ஊரப்பாக்கத்திலிருந்து தினமும்
ஒரு ரயில், ஒரு ஆட்டோ, கொஞ்சம் நடை.
மேடைக்குத் தண்ணீர் வைப்பது அவர் வேலை.
"சாயங்காலம் கேட்டுக்கு எதிரே நிக்காதீங்க,
பஸ் நிறுத்த மாட்டான்.
கொஞ்சம் தள்ளி டிரான்ஸ்பார்மர் இருக்கு பாருங்க, அங்க."
வழிகாட்டித் தாளின் பன்னிரண்டு பக்கத்திலும்
இது இல்லை.

வாசலில் எனக்குப் பச்சை ரிப்பன் குத்தினார்கள்.
பறக்காமல் வந்தவர்களுக்கு அது.
தேவசேனா பக்கவாட்டு வழியில் போய்விட்டார்,
அங்கே ரிப்பன் கிடையாது.
உள்ளே குளிர்.
முதல் பேச்சாளர் நேற்றுதான்
இரண்டு விமானம் மாறி வந்திருந்தார்.
பள்ளிக்கரணைச் சதுப்பைப் பற்றி
நன்றாகத்தான் பேசினார்,
குறை சொல்ல முடியாது.
நான் குறிப்பெடுத்தேன்.
என் இருபுறமும் இருந்த நாற்காலிகள்
மதியம்வரை காலியாகவே இருந்தன.
நெத்திலி.

நாலரைக்குக் கைபேசி அதிர்ந்தது.
கையெழுத்து வந்துவிட்டதாம்.
எட்டே காலுக்கு மதுரை விமானம், ஜன்னலோரம்.
அங்கிருந்து துறையின் ஜீப்.
முத்துநகரில் என் பெயர்
காத்திருப்போர் பட்டியலில் அறுபத்தொன்றிலிருந்து
ஒன்பதுக்கு இறங்கியிருந்தது.
ஒன்பது என்பது
இன்னொரு பாதிப் படுக்கையாக இருக்கலாம்,
யாரோ ஒருவரின் முழங்காலாக இருக்கலாம்.
முதுகு, இப்போதே தன் வாக்கைச் சொல்லிவிட்டது.

டிரான்ஸ்பார்மர் அருகே நின்றேன்.
பேருந்து நின்றது.
நடத்துநர் பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துத் தந்து
சட்டையிலிருந்த ரிப்பனைப் பார்த்தார்.
"எலெக்‌ஷனா?" என்றார்.

கத்திப்பாராவில் இறங்கினால் ஆலந்தூர் மெட்ரோ.
ஒரு படிக்கட்டு விமான நிலையத்துக்கு,
மற்றொன்று எழும்பூருக்கு.
அதுவரை இரண்டுக்கும் ஒரே பேருந்துதான்.
அதுவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு
நிற்கலாம்.