றஃப் பிளாஸ்டர்

ஐந்தாம் வகுப்பில் அது ஒரு கொப்பி.
போன வருடத்துக் கொப்பிகளில் மிஞ்சிய தாள்களைக் கிழித்து
அம்மா ஊசிநூலால் தைத்துத் தந்தது.
பிழை விட எனக்கிருந்த ஒரே இடம்.
எந்த ரீச்சரும் அதற்குச் சிவப்புப் பேனை எடுக்கவில்லை.

இப்போது குருநகரில்,
கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி,
கூரை ஏறாத வீட்டுக்குள் ஹெல்மெட்டோடு நிற்கிறேன்.
"றஃப் முடிஞ்சுது மிஸ், நாளைக்கு மட்டமடிக்கலாம்"
என்கிறார் மேசன் பாக்கியநாதர்.
"றஃப்பா எவ்வளவு முடியும்?"
ஸ்காபரோவிலிருந்து காசு அனுப்புகிற தம்பி கேட்கிறார்.
நான் சொல்லும் தொகைக்குள்
அவர் கேட்க விரும்பாத ஐந்து லட்சம் ஒளிந்திருக்கிறது.
வெளியே யூட், சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு,
"கடல் றஃப் அக்கா, ரெண்டு நாளைக்குப் போகேலாது."

தமிழில் என்றால் ஆளுக்கொரு வீடு:
சுவருக்குச் சொரசொரப்பு,
தொகைக்கு உத்தேசம்,
கடலுக்குக் கொந்தளிப்பு.
ஆங்கிலத்தில் எல்லாரும் ஒரே பாயில் படுத்தெழும்புகிறார்கள்.

அந்தப் பாயில் எனக்கும் இடம் கிடைத்தது.
மாசியில் என்னைப் பார்க்க வந்தவர்கள்
போய் மூன்றாம் நாள், தரகர் போனில்:
"பிள்ளை நல்லம், படிப்பும் நல்லம்,
ஆள்தான் கொஞ்சம் றஃப் போல எண்டு நினைக்கினம்."
சீமெந்து தின்ற விரல்நுனியைப் பார்த்தார்களா,
தேநீர் நடுவே
"கம்பியை ஆர் இப்பிடிக் கட்டினது" என்று
நான் போனில் கத்தியதைக் கேட்டார்களா?
விசாரிக்க நேரமிருக்கவில்லை.
அன்றைக்குக் கொங்கிறீற் போடவேண்டி இருந்தது.

பின்னேரம் வீட்டுக்காரி டெல்சி வந்தாள்.
நாற்பத்தொரு வயது. ஓரங்களில் இருந்து
பார்வை சுருங்கிக்கொண்டு வருகிறது,
கிளினிக்கில் இனிச் சொல்ல ஒன்றுமில்லையாம்.
நடைச் சுவரில் உள்ளங்கையை வைத்து
மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள்.
"மிஸ், இந்தப் பக்கத்தை இப்பிடியே விடுவமே?"

தூசு பிடிக்கும் என்றேன். பெயின்ற் இரண்டு மடங்கு குடிக்கும்.
பிள்ளைகளின் முழங்கை உரசும்.
"உரசட்டும். இது குசினிக்குப் போற பக்கம்.
மற்றது வழுவழுப்பா இருந்தா
எது எதெண்டு கை சொல்லும்."

வரைபடத்தில் அந்தச் சுவரை வட்டமிட்டு
இறுதிப் பூச்சு என்ற இடத்தில் எழுதினேன்: றஃப்.
பாக்கியநாதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்.
"மிஸ், பிழையா எழுதிப்போட்டியள்."
"இல்லையண்ணை. விடுங்கோ."

டெல்சி கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தாள்.
கை சுவரில் அரிசி தேய்ப்பதுபோல் சத்தமிட்டது.
முதல் தரம் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.
நின்றாள். திரும்பி வந்தாள்.