ஒன்பது யூரோ

திங்கட்கிழமை திறக்கலாம் என்றார்கள்.
பீப்பாய்க்குச் சொல்லி அனுப்பினாள் அட்ராக்டா.
வெள்ளி இரவு டி.வி.யில் ஓர் அமைச்சர்:
திறக்கலாம், ஆனால்
ஒன்பது யூரோவுக்குச் சாப்பிடுகிறவருக்கு மட்டும்.

மேயோ கடற்கரையில் அவள் பப்பில் அடுப்பே கிடையாது.
கேட்டால் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் கிழிப்பாள்,
அவ்வளவுதான் சமையல்.

எட்டரை யூரோ சூப்பில் தொற்றிக்கொள்ளுமாம்,
ஒன்பதைக் கண்டால் ஒதுங்கிப் போகுமாம்.
சில்லறை எண்ணத் தெரிந்த கிருமி!

எதிர்ச்சாரி ஓட்டலில் தட்டுச் சத்தம்.
மாலகி வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றான்.
ஏப்ரலில் அவன் படகுக் கூட்டாளியைப் புதைத்தபோது
பத்துப் பேருக்குத்தான் அனுமதி.
இவன் பதினோராவது.
கல்லறைச் சுவருக்கு அப்பால், மழையில்,
தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றவன்
அன்று யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது கேட்டான்:
"அன்றைக்கு நான் உள்ளே போயிருக்கலாமோ?"

அவள் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

ஆகஸ்ட்டும் போயிற்று.
புளித்துப்போன பீப்பாய்களை
இருவருமாகக் கொல்லைக்கு உருட்டிப்போய்ச்
சாக்கடையில் கவிழ்த்தார்கள்,
இரண்டு மீட்டர் இடைவெளி விட்டுத்தான்.