ஐஸ் தெரிந்தவன்

கொள்ளுப்பிட்டியில் ஒரு கடைத்தொகுதி.
கீழ்மாடியில், சென்ட் கடைக்கும்
போன் கடைக்கும் நடுவே
வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள்.
பனிக்கால விளையாட்டுப் பதக்கங்கள்,
அனுமதி இலவசம்,
மூன்று மொழியிலும் பலகை.
தமிழில் மட்டும் பதக்கங்கள்
'பதுக்கங்கள்' ஆகியிருந்தன.
இரவு வேலைக்கு இன்னும் நாலு மணித்தியாலம்.
நுழைந்தேன்.

எனக்கு ஐஸ் தெரியும்.
முகத்துவாரத்தில் பதினேழு வருஷமாய்
ஐம்பது கிலோக் கட்டிகளைக்
கொக்கி போட்டு இழுக்கிறவன்.
நடுவில் பால்போல் வெளுத்திருந்தால்
அவசரத்தில் உறைந்த தண்ணீர் என்பேன்.
அமோனியா வாடை சட்டையை விட்டுப் போகாது.
அதனால்தானோ என்னவோ
சென்ட் கடைப் பெண்
நான் கடக்கையில் மூக்கைத் தொட்டுக்கொண்டாள்.

முதற் பெட்டியில் ஒரு வெண்கலம்.
நூற்றில் மூன்று செக்கனால்
வெள்ளி தவறியதாம்.
நூற்றில் மூன்று செக்கன்:
கண் இமைக்கவும் காணாது.
அதற்குள் ஒருவன் எதை மறந்திருப்பான்?

அடுத்ததில் ஒரு சோடிச் சப்பாத்து,
அடியில் கத்தி பூட்டியது.
திறந்த மேசை. கை தானாய் நீண்டது.
"அல்லண்ட எபா" என்றார் காவலாளி.
சட்டைப் பையில் தென்னகோன் என்று பெயர்.
கையை எடுத்துக்கொண்டு சொன்னேன்:
நல்லாத் தீட்டியிருக்கிறாங்கள்.
அவருக்கு விளங்கியதோ தெரியாது,
தானே தீட்டியதுபோல் தலையாட்டினார்.

மூன்றாவதில் பதக்கமே இல்லை.
முப்பத்தெட்டு என்று அச்சடித்த
நெஞ்சுத் துணி ஒன்று.
மூலைகளில் ஊசி குத்திய ஓட்டைகள்,
கீழே சூப்போ கோப்பியோ சிந்திய கறை.
அவளுக்கு நான்காம் இடம்.
நான்காம் இடத்தின் துணியை
இருபது வருஷம் தோய்க்காமல்
யார் வைத்திருந்தார், எந்த அலுமாரியில்?
கேட்க ஆளில்லை.
வெண்கலத்தின் முன் நின்றதைவிட
இங்கேதான் கூட நேரம் நின்றேன்.

கடைசியில் ஒரு கல், கைப்பிடி வைத்தது.
பக்கத்தில் ஒரு தும்புத்தடி,
தும்புக்குப் பதிலாய் மெத்தைத் துணி.
சின்னத் திரையில் ஒருத்தி கல்லைத் தள்ளிவிட
இரண்டு பேர் அதன் முன்னே
குனிந்து கூட்டிக்கொண்டே ஓடினார்கள்.
கூட்டினால் கல் இன்னும் கொஞ்சம் போகுமாம்.
"இதுக்கு மெடல் எண்டா
மாநகர சபைக்கு எத்தின குடுக்கோணும்?"
பக்கத்திலிருந்த பொடியன் கேட்டான்.
எல்லாரும் சிரித்தார்கள்.
நான் அவர்களின் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கரண்ட் போனது.
தானியங்கிக் கதவு திறந்தபடியே நிற்க
காலி வீதியின் வெக்கை
யாரையும் கேளாமல் உள்ளே வந்தது.
குளிர்ந்திருந்த கண்ணாடிகள்
ஒரேயடியாய் வியர்த்தன.
வெண்கலம் மறைந்தது, முப்பத்தெட்டு மறைந்தது.
ஒரு சின்னப் பெண் விரலால்
பூனை வரைந்தாள், மீசை பெரிதாய்.
தென்னகோன் எபா சொல்லவில்லை.
நாங்கள் பனி என்று சொல்வது
இவ்வளவைத்தான்.
அன்று அந்த மண்டபத்தில் இறங்கியதும்
இது ஒன்றுதான்.

இரவு ஒன்றரைக்கு லொறி வந்தது.
சில்வெஸ்டருக்குக் கொக்கி வழுக்க
ஒரு கட்டி சரிவில் இறங்கிவிட்டது.
வழமையில் "விலகு" என்று கத்துவோம்.
நான் மூலையிலிருந்த தும்புத்தடியோடு
அதன் முன்னால் ஓடினேன்,
மரத்தூளையும் தண்ணீரையும்
கூட்டிக் கூட்டி.
காலை உடைக்கப் போறான் என்று
யாரோ தூஷணத்தில் கத்தினான்.
கட்டி என்னைத் தொடவில்லை.
வாசலுக்கு ஒரு முழம் முன்னால்
தானாய் நின்றது, ஆவி விட்டுக்கொண்டு.

கணக்குப் புத்தகத்தோடு நின்ற நவரூபன்
இது எத்தனையாவது என்று கேட்டான்.
மூச்சு வாங்க, முப்பத்தெட்டு என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டான்.

உண்மையில் அது நாற்பத்தொன்று.
மூன்று கட்டிகள் அன்று
கணக்கில் இல்லாமல் கடலுக்குப் போயின.