பதிமூணாம் நம்பர் சீட்டு

எழுபத்தெட்டு டாரட் சீட்டில்
எனக்கு விழுந்தது மரணம்.
பெங்களூரிலிருந்து நிவேதிதா போனில் சொன்னாள்:
"ஓவியருக்கு ஒரு சீட்டு.
பழைய எலும்புக்கூடு வேண்டாம், வெள்ளைக் குதிரை வேண்டாம்,
உங்க ஊர் மரணம் ஒன்று வேண்டும்."
பிறகு கொஞ்சம் தயங்கி,
"திருநெல்வேலிதானே, அரிவாள் இருந்தால் நல்லாயிருக்கும்."

அரிவாளை நான் பார்த்தது
இளநீர் வண்டியில்தான்.
மரணத்தைப் பார்ப்பது தினமும்,
வண்ணார்பேட்டை எபநேசர் டிஜிட்டல்ஸில்
இரண்டாவது கம்ப்யூட்டரில்,
காலை ஒன்பதரையிலிருந்து.
கண்ணீர் அஞ்சலிக்கு என்னிடம் பதினோரு டெம்ப்ளேட்.
நீலம், ஊதா, குத்துவிளக்கு, சிலுவை,
அழும் கண்கள் ஒரு ஜோடி.
யாருடைய கண்ணோ,
எட்டு வருஷமாக எல்லாருக்கும் அழுகிறது.

முதலில் எருமையை வரைந்தேன்.
குறுக்குத்துறை ஆற்றில்
மூக்கை மட்டும் வெளியே நீட்டிக் கிடக்குமே, அது.
நன்றாக வந்தது.
மேலே எமனை ஏற்றினேன்.
கொடை நாடகத்துக்கு வாடகைக் கிரீடம் வைத்தவர் போல
உட்கார்ந்தார்.
கிரீடத்தை எடுத்தேன், மீசையை எடுத்தேன்.
ஸ்டேஷனுக்குச் சாட்சி சொல்ல வந்தவர் ஆகிவிட்டார்.
கிழித்துப் போட்டேன்.
எருமைக்காக வருத்தமாக இருந்தது.

புதன் மத்தியானம், போன கரண்ட் திரும்பிய நேரம்
மானூர்க்காரர் ஒருவர் வந்தார்.
இறந்தது தம்பி. பலவேசம். நாற்பத்தொன்று.
தனியாக எடுத்த போட்டோ கிடையாது.
சடங்கு வீட்டில்
பந்தி முடிந்து நாலு பேர் நிற்கிற படம் ஒன்று
வாட்ஸப்பில் வந்தது.
வெட்டினேன்.
வெட்டினால் எப்போதும் இதுதான்:
ஆள் தனியே வந்துவிடுவான்,
தோள்மேல் யாருடைய கையோ மிஞ்சிக் கிடக்கும்.
குளோன் ஸ்டாம்ப்பால்
பக்கத்துச் சட்டைத் துணியை அள்ளி அள்ளிப் போட்டு
மூடுவேன்.
மண் தள்ளுகிற மாதிரிதான், நினைத்தால்.
நினைப்பதில்லை.

அவர் ஸ்கிரீனைத் தொட்டார்.
"இந்தக் கைய மட்டும் எடுத்துரு தாயி."
தொட்ட விரலில் பச்சைக்கல் மோதிரம்.
போட்டோவிலும் அதே மோதிரம்.
எடுத்தேன். ஆறுக்கு நாலு, ரெண்டு காப்பி.

ராத்திரி, என்.ஜி.ஓ. காலனி வீட்டில்
இட்லித் தட்டுக் குழிகளில் கலர் கரைத்து
மறுபடி உட்கார்ந்தேன்.
ஒரு ஆள், வெள்ளைச் சட்டை,
சிரிக்கச் சொன்னதற்காகச் சிரித்த சிரிப்பு.
தோளில் ஒரு கை.
மணிக்கட்டோடு சீட்டின் ஓரம் வந்துவிடுகிறது.

மோதிரம் போட்டால் அண்ணன் ஆகிறது.
வளையல் போட்டேன், பெண்டாட்டி ஆனது.
எல்லாம் கழற்றி
வெறுங்கையாக விட்டேன்.
மாடலுக்கு ஆள் இல்லை.
வலது கையில் பிரஷ் இருந்ததால்
என் இடது கையைப் பார்த்தே வரைந்தேன்.

விரல் லேசு.
விரலுக்குக் கீழே சட்டை அமுங்குகிற நாலு மடிப்புதான்
மூணு ராத்திரியைத் தின்றது.
அழுத்தினால் பிடித்து இழுப்பது போல் இருக்கிறது,
விட்டால் தூசி தட்டுவது போல.
நடுவில் ஒரு கனம் உண்டு:
பஸ்ஸில் தூங்குகிறவரை
ஸ்டாப் வந்ததும் எழுப்புகிற கனம்.
அது வந்ததும் பிரஷைக் கழுவினேன்.

நிவேதிதா பார்த்துவிட்டு எழுதினாள்:
"அவ்வளவு அழகு! அந்தக் கையை மட்டும் எடுத்துவிட்டு
மரணத்தை எங்காவது வைக்க முடியுமா?"

முடியாது என்று எழுதினேன்.
எட்டு வருஷத்தில் முதல் தடவை.

பதிமூணாம் சீட்டை வேறு யாரோ வரைந்தார்களாம்,
அரிவாளோடு.
என்னுடையது கடையில், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது.
எபநேசர் சார் அதன்மேல்தான்
டீ கிளாஸை வைக்கிறார்.