பின்பக்கமாக ஏறியது

சத்தம் ஒன்றுதான்.
மாட்டெலும்பைக் கடவாய்ப்பல்லால் உடைத்த மாதிரி.
பிறகு பின்சக்கரங்கள் எதையும் காதில் வாங்காமல் நின்றன.
எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, வேறு யாருக்கோ.

முஹாருக்குவா கதவைத் திறக்கவில்லை.
ஆற்றுவழியே போகலாமென்று காலையில் சொன்னவன் அவன்.
மலைவழிதான் குறுக்கு என்றவள் நான்.
இப்போது அவன் எதுவும் சொல்லவில்லை.
அதையும் மிகச் சத்தமாகச் சொல்லவில்லை.

நமீபியாவின் வடமேற்கு மூலை.
வெயிலுக்கு இலைகளை மடித்துக்கொண்ட மோப்பேன் மரங்கள்,
செங்கல், சரளை, மறுபடி செங்கல்.
ஓப்புவோவில் ஒரு மெக்கானிக் உண்டு, ஒன்றரை நாள் தொலைவில்.
ஐஸ்பெட்டிக்குள் நானூறு மாடுகளுக்கான தடுப்பூசி.
பனிக்கட்டி நாளை மதியம் வரை தாங்கும்.
மாடுகள் மேட்டுக்கு அந்தப் பக்கம்.

வண்டிக்கடியில் படுத்து
டிஃபரென்ஷியல் குடத்தின் அடித்திருகைக் கழற்றினேன்.
சோறாக்கும் சட்டியில் எண்ணெய் இறங்கியது, கறுப்பாக,
ஜிகினாத் தூவியது போல் மினுக்கிக்கொண்டு.
கடைசியில் ஒரு பல்.
முழுப்பல். இன்னும் சூடாக.

"என்ன?"
இரண்டு மணி நேரத்தில் அவனுடைய முதல் சொல்.
"பல் போச்சு."
"எத்தனை?"
"கிடைத்தது ஒன்று."

வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டும்,
உள்சக்கரம் கொஞ்சம் தயங்கவேண்டும்.
ஒரே அச்சில் கிடக்கும் இரண்டுக்கும்
அதனதன் வேகத்தைப் பிரித்துக் கொடுப்பது இந்தக் குடம்தான்.
நேர்ப்பாதையில் அது இருப்பதே தெரியாது.
இதற்கு மேல் விளக்கினால்
அவனைப் பற்றியும் என்னைப் பற்றியும் பேசவேண்டி வரும்.
நட்டுகள் காத்திருக்கின்றன.

அவன் கல் பொறுக்கி முட்டுக் கொடுத்தான்.
பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் இந்த முனைக்கு நான்கு நட்டு,
அந்த முனைக்கு நான்கு.
எட்டாவது நகர மறுத்தது.
ஸ்பானர் மேல் நான் என் முழு எடையோடு,
அவன் தன் முழுக் கோபத்தோடு.
வந்தது.

ஹப்பைத் திறந்து இரண்டு ஆக்சில்களையும்
கரும்பு உருவுவதுபோல் உருவினோம்.
திறந்த வாய்களில் மணல் புகாமலிருக்க
தண்ணீர் கேனை வெட்டி வட்டமாக்கி, கிரீஸ் அப்பி, டேப் சுற்றினோம்.
முன் ஹப்புகளைப் பூட்டினேன்.
நான்கு சக்கரத்துக்கான கியரைப் போட்டேன்.
நான்கில் இரண்டுதான் இழுக்கும்,
கியருக்கு அது தெரியாது.

சமதரையில் சாதுவாகப் போனது.
மேட்டில் மூக்கைத் தூக்கியதுமே
எடையெல்லாம் பின்னால் சரிய
முன் டயர்கள் சரளையை வாரியிறைத்துச் சுழன்றன.
மூன்று தடவை.
ஆடுகளோடு நின்ற ஹிம்பாப் பெண்ணொருத்தி
மூன்றாம் தடவைக்குச் சிரித்தாள்.

"திருப்பு" என்றான் முஹாருக்குவா.
"எங்கே?"
"வண்டியை. பின்பக்கமாக ஏறு.
எடை முன்சக்கரத்துக்கு மேல் வரும்."

அவன் சொன்னது சரி.
அதை நானும் சத்தமாகச் சொல்லவில்லை.

லோ ரேஞ்ச். ரிவர்ஸ்.
முட்டையை மிதிப்பதுபோல் ஆக்ஸிலரேட்டர்.
கண்ணாடிக்கு வெளியே வந்த வழி முழுவதும் விரிந்து கிடந்தது.
எங்கள் டயர்த் தடம், நாங்கள் புரட்டிய கற்கள்,
சிறிதாகிக்கொண்டே போகும் அந்தப் பெண்.
போகுமிடம் மட்டும் தெரியவில்லை.

பின்னால் அவன்.
எனக்குக் கைகாட்டவேண்டி
அவனும் பின்பக்கமாகவே ஏறினான், தடுமாறித் தடுமாறி.
இடது. இன்னும் இடது. நில். வா.
காலைக்குப் பிறகு இப்போதுதான்
என் முகத்தைப் பார்க்கிறான்,
அதுவும் சைடு மிரரில்.

உச்சியில் வந்து ஏறி உட்கார்ந்தான்.
சட்டைப்பையில் பல் இடித்தது, எடுத்துக் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"முன்பக்கமும் உடைந்தால்?"
"உடையாது."
"உடைந்தால்?"

இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர்.
நிறைய வளைவுகள்.
மெதுவாகப் போனேன்.