ஓட்டம் 4127

காலை ஆறு பத்துக்கு
அறிக்கை தானாக எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.
நான் இன்னும் பல் தேய்க்கவில்லை.

கெடிலத்தின் மேல் ஒன்பது அளவுமானிகள்.
முப்பது நொடிக்கு ஒருமுறை ஒவ்வொன்றும்
தண்ணீர் எத்தனை உயரம் என்று சொல்லும்.
மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
ஒற்றை அறையில் அதைக் கேட்டு வாங்கி
ஆட்சியர் அலுவலகத்துக்குக் கடத்துவது என் வேலை.
ஆற்றுக்காரர்களும் நாங்களும்
ஒரே சொற்களைத்தான் வைத்திருக்கிறோம்:
வரத்து, தேக்கம், வெளியேற்றம், ஓட்டம்.
அவர்களுடையது நனையும்.

வந்த பதிவுகள் 25,920.
போய்ச் சேர்ந்தவை 25,920.
ஒன்றும் சிந்தவில்லை.
சராசரித் தாமதம் ஏழு நொடி.
பச்சை.

சராசரி நல்ல மனுஷன்.
கல்யாண வீட்டில் சாம்பார் தீய்ந்தாலும்
பாயசம் பிரமாதம் என்று சொல்லிவிட்டு
வெற்றிலை வாங்கிக்கொண்டு போகிறவன்.
நூறில் தொண்ணூற்றொன்பது பேரைக் கேட்டேன்,
அவர்களும் மூன்று நொடிக்குள் வந்துவிட்டதாகவே சாதித்தார்கள்.
இரண்டாம் பக்கத்தின் அடியில்,
யாரும் உருட்டிப் போகாத இடத்தில்
தலைகுனிந்து நின்றது ஒரு வரி:
அதிகபட்சம், நாற்பத்தாறு நிமிடம்.

தொண்ணூற்றிரண்டு பதிவுகள்.
எல்லாம் ஒரே ஊர், திருவந்திபுரம் பாலம்.
எல்லாம் ஒரே நேரம்.
இரவு இரண்டு நாற்பதிலிருந்து மூச்சே இல்லை,
மூன்று இருபத்தாறுக்கு
கடைசி பஸ்ஸில் தொங்கி வந்தவர்கள் மாதிரி
மொத்தமாக இறங்கியிருக்கின்றன.
அவற்றை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தேன்.
அந்த நாற்பத்தாறு நிமிடத்தில்
ஆறு இரண்டடி ஏறியிருக்கிறது.

கட்டுப்பாட்டு அறையில் ஜெயசுதாவின் திரையில்
கோடு படுத்தே கிடந்திருக்கும்.
ஆறு தூங்குகிறது என்று நினைத்து
அவளும் பிளாஸ்கைத் திறந்திருப்பாள்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை.
கரை தாங்கிற்று, மழை விட்டது.
ஒன்றும் நடக்காததற்கும் அறிக்கையில்
பச்சைதான் நிறம்.

பிரசன்னா சார் சொன்னார்:
ஒன்பதில் ஒன்று, ஒரு நாளில் ஒரு மணி நேரம்கூட இல்லை,
இதற்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாய்?
நான் பதில் சொல்லவில்லை.
கடைசி வரியை வெட்டி
முதல் வரியாக ஒட்டினேன்.
சராசரியை இரண்டாம் பக்கத்துக்கு அனுப்பினேன்,
போய் அங்கே பாயசம் குடிக்கட்டும்.

கலியபெருமாள் அறிக்கையை முழுதாகப் படிக்க மாட்டார்.
போனில் சிவப்பு மட்டும் பார்ப்பார்.
பத்து மணிக்கு டிவிஎஸ் ஃபிப்டியில் போய்ச் சேர்ந்து
ஒரு படம் அனுப்பினார்.
கம்பத்து சூரியத் தகட்டின் மேல்
இறுக்கிக் கட்டிய ஃபிளெக்ஸ்.
காதணி விழா.
மொட்டைத் தலை, சந்தனம், வாயில் விரல்.
செல்வி தன்ஷிகா.
கீழே மாமன்மார்கள் பதினோரு பேர்,
கறுப்புக் கண்ணாடியுடன்.

மூன்று நாளாக வெயில் காணாமல்
பேட்டரி சோர்ந்து, மோடம் கண்ணயர்ந்துவிட்டது.
அளவுமானி மட்டும் இருட்டில் உட்கார்ந்து
எழுதி எழுதி வைத்திருக்கிறது,
யார் கேட்பார்கள் என்று தெரியாமல்.

காரணம் என்ற கட்டத்தில்
'காதணி விழா' என்று அடித்தேன்.
சார் அதை 'மின்வழங்கல் குறைபாடு' ஆக்கினார்.
இரண்டும் உண்மை.
ஒன்றை வைத்துத்தான் ஏணி எடுத்துப் போக முடியும்.

ஓட்டம் 4128.
அதிகபட்சம் நான்கு நொடி.
சொல்ல ஒன்றுமில்லாத அறிக்கை,
நானே பாதியில் மூடிவிட்டேன்.

சாயங்காலம் கலியபெருமாளிடமிருந்து இன்னொரு படம்.
ஃபிளெக்ஸைக் கிழிக்க மனசு வரவில்லையாம்.
நான்காய் மடித்து
பேட்டரிப் பெட்டிக்கு மேலே கூரையாகக் கட்டியிருக்கிறார்.
மாமன்மார்கள் உள்மடிப்பில் போய்விட்டார்கள்.
மேலே மழையைப் பார்த்தபடி
தன்ஷிகா மட்டும்,
வாயில் விரலோடு.